எந்த ஊர் நல்ல ஊர்?

நுழையும் முன்

மாணவர்களே! பிறந்த ஊரிலேயே வளர்ந்து, அங்கேயே படித்து முடிப்பவர் சிலர். பெற்றோரின் பணியை ஒட்டி ஊர் விட்டு ஊர் சென்று படிப்பவர் பலர். உங்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். "நீ இருந்த ஊர்களுள் எது நல்ல ஊர்?" என்று உறவினரும் நண்பரும் உங்களிடமும் கேட்டிருப்பார்கள். விடை கூறுவது எளிது. அந்த விடைக்குக் காரணம் கூறுவது எளிதன்று. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவ்விடையைத் தேடியதை அவள் சொற்களிலேயே படிப்போம்.

1. படிவம்

அன்று வெள்ளிக்கிழமை. அலுவலகத்திலிருந்து திரும்பிய அப்பா, சாப்பாட்டு மேசையின்மீது ஒரு தாளை வைத்தார். அது பணியிட மாற்றத்திற்கான விருப்பப் படிவம். அதில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"வரும் ஏப்ரலில் எனக்கு மாற்றம் வரக்கூடும். கொல்கத்தா, மும்பை, பெங்களூரு ஆகிய ஊர்களில் இடம் காலியாக உள்ளது. விரும்பினால் தில்லியிலேயே இன்னும் ஈராண்டுகள் தொடரலாம். இந்த நான்கையும் விருப்ப வரிசையில் எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்" என்றார் அப்பா.

"சென்னை இல்லையா?" என்று அம்மா கேட்டார்.

"இந்த ஆண்டு இல்லை."

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

நான் முதல் வகுப்பில் சேர்ந்தது கொல்கத்தாவில். நான்காம், ஐந்தாம் வகுப்புகளை மும்பையில் படித்தேன். ஆறாம் வகுப்பு முதல் தில்லியில் இருக்கிறேன். பெங்களூருக்கு ஒரே ஒருமுறை, திசம்பர் விடுமுறையில், மாமாவின் வீட்டிற்குச் சென்று நான்கு நாள் தங்கினோம்.

"நால்வரும் தனித்தனியே ஒரு வரிசை எழுதுவோம். ஞாயிறு மாலை அவற்றைப் படித்துப் பார்த்து முடிவு செய்வோம். ஆனால் ஒன்று: காரணம் இல்லாத வரிசை செல்லாது" என்றார் அப்பா. நான்காம் வகுப்பில் படிக்கும் என் தம்பியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டான்.

2. என் அட்டவணை

என் விடை எனக்கு முன்பே தெரியும். தில்லிதான் முதலாவது. எனினும் காரணம் வேண்டுமே! ஆகவே ஐந்து அளவுகோல்களை வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் என வைத்து ஓர் அட்டவணை எழுதினேன்.

பயண வசதி: கொல்கத்தா 7, மும்பை 8, தில்லி 9, பெங்களூரு 5.
பள்ளியும் நட்பும்: கொல்கத்தா 6, மும்பை 6, தில்லி 10, பெங்களூரு 5.
நூலகமும் கலையும்: கொல்கத்தா 9, மும்பை 6, தில்லி 8, பெங்களூரு 6.
தமிழ்ச் சூழல்: கொல்கத்தா 5, மும்பை 8, தில்லி 7, பெங்களூரு 9.
காற்றும் தட்பவெப்பமும்: கொல்கத்தா 5, மும்பை 6, தில்லி 3, பெங்களூரு 8.
மொத்தம்: கொல்கத்தா 32, மும்பை 34, தில்லி 37, பெங்களூரு 33.

மதிப்பெண்களை நான் மனம்போன போக்கில் இடவில்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ தொடர்வண்டி 1984இல் கொல்கத்தாவில்தான் ஓடியது. தில்லியில் 2002இல்தான் மெட்ரோ தொடங்கியது. ஆயினும் இன்று அது நகரின் மூலை முடுக்கெல்லாம் செல்கிறது. எனவே பயண வசதியில் தில்லிக்கு ஒன்பது. மும்பையின் புறநகர்த் தொடர்வண்டியை மறக்க முடியாது. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்குப் பயணிகள் வண்டி ஓடிய நாள்முதல் அந்நகரம் தண்டவாளத்தின்மீதே வாழ்கிறது. நெரிசலுக்காக இரண்டு குறைத்தேன்.

நூல்களுக்குக் கொல்கத்தாவை மிஞ்சிய ஊர் ஏது? நாட்டின் மிகப் பெரிய நூலகமாகிய தேசிய நூலகம் அங்கே உள்ளது. கல்லூரித் தெருவின் இருபுறமும் புத்தகக் கடைகள். அப்பாவின் தோளில் அமர்ந்து அத்தெருவைக் கடந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

தமிழ்ச் சூழலில் பெங்களூருக்கு ஒன்பது இட்டேன். அல்சூர் ஏரிக்கரையில், 2009இல் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கிறது. மும்பையில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் தமிழ் கேட்காத தெரு இல்லை. தில்லியிலும் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் என்னும் முருகன் கோயில் உண்டு.

பள்ளியும் நட்பும் என்னும் வரிசையில் தில்லிக்கு முழு மதிப்பெண். அதற்கு நான் காரணம் எழுதவில்லை; எழுத வேண்டும் என்றும் தோன்றவில்லை. கடைசி வரிசையில் தில்லிக்கு மூன்று. குளிர்காலப் புகைமூட்டத்தை யார்தான் மறுக்க முடியும்? மூன்று என்பது நேர்மையான மதிப்பெண் என்றே எண்ணினேன்.

3. ஐம்பத்தெட்டும் ஒன்றும்

என் வரிசைக்கு வலுச்சேர்க்க, சனிக்கிழமையன்று மத்திய அரசு வெளியிட்ட 'வாழ்வதற்கு எளிதான நகரங்கள்' பட்டியலைத் தேடினேன். வியப்பு காத்திருந்தது. 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் பெங்களூரு 58ஆவது இடத்தில் இருந்தது; தில்லி 65ஆவது. அடுத்து வந்த 2020ஆம் ஆண்டுப் பட்டியலிலோ பெங்களூரு முதலிடம். தில்லி 13ஆவது இடம்.

"இரண்டே ஆண்டுகளில் ஒரு நகரம் இவ்வளவு மாறுமா, அப்பா?" என்று கேட்டேன்.

"நகரம் அவ்வளவு மாறவில்லை, அளந்த முறை மாறியது" என்றார் அப்பா. "2018இல் 111 நகரங்களையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். 2020இல் பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 49 நகரங்களைத் தனியாகவும், மற்ற 62 நகரங்களைத் தனியாகவும் பிரித்தார்கள். மேலும், அங்கே வாழும் மக்களிடமே கருத்துக் கேட்டு, அதற்கு நூற்றுக்கு முப்பது பங்கு மதிப்புக் கொடுத்தார்கள். எதை அளப்பது, எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை மாற்றினால் வரிசையும் மாறும்."

"அப்படியானால் பட்டியல்கள் எல்லாம் பொய்யா?"

"பொய் அல்ல. தூய்மையை மட்டும் அளந்தபோது இந்தூர் 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழுமுறை முதலிடம் பெற்றது. கடைசி முறை சூரத்துடன் சேர்ந்து பெற்றது. தூய்மையில் அது முதல் என்பது உண்மை. எல்லாவற்றிலும் முதல் என்று நாமாகச் சொன்னால்தான் தவறு. இன்னொன்றையும் பார். 2018 பட்டியலில் கொல்கத்தாவைத் தேடினாயா?"

தேடியிருந்தேன். அதன் பெயரே இல்லை.

"அக்கணக்கெடுப்பில் கொல்கத்தா பங்கேற்கவில்லை. பட்டியலில் இல்லாத ஊரைக் கடைசி ஊர் என்று எண்ணிவிடக் கூடாது" என்றார் அப்பா.

4. நான்கு வரிசைகள்

ஞாயிறு மாலை நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம்.

அம்மாவின் வரிசையில் மும்பை முதலாவது. "அங்கே நான் வேலைக்குச் சென்றேன். இரவு ஒன்பது மணிக்கும் அச்சமின்றித் தனியே தொடர்வண்டியில் வீடு திரும்பினேன். மாட்டுங்காக் கடைத்தெருவில் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் வாங்கிக்கொண்டு நடப்பேன். எனக்கென்று ஒரு நாள் இருந்த ஊர் அதுதான்" என்றார்.

"மழையை மறந்துவிட்டாயா? 2005 சூலை 26ஆம் நாள் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊர் அது" என்று அப்பா சிரித்தார். "மழை ஒரு பருவம், வேலை ஆண்டு முழுவதும்" என்று அம்மா விடையிறுத்தார்.

அப்பாவின் வரிசையில் கொல்கத்தா முதலாவது. அங்கே அவருக்கு மாலைப்பொழுது இருந்ததாம். அலுவலகத்திலிருந்து டிராமில் திரும்புவார். வழியில் இறங்கிப் பழைய நூல்களைப் புரட்டுவார். "மெதுவாகச் செல்வதற்கு இசைவளித்த ஒரே ஊர்" என்றார்.

நான் என் அட்டவணையைப் படித்தேன். ஐந்து அளவுகோல்களையும் கேட்டு அப்பா தலையசைத்தார். "கணக்கு சரியாக இருக்கிறது. பெங்களூருக்குப் பள்ளியில் ஐந்து எப்படி வந்தது? நீ அங்கே படித்ததில்லையே!"

"தெரியாததால் பாதி மதிப்பெண் கொடுத்தேன்."

"அது மதிப்பெண் அல்ல, ஊகம். வாழ்ந்த ஊருக்கும் விருந்துக்குச் சென்ற ஊருக்கும் வேறுபாடு உண்டு. ஊகம் என்று அருகில் குறித்து வை."

பிறகு தம்பி தன் தாளை எடுத்தான். அதில் மூன்று ஊர்களே இருந்தன: பெங்களூரு, மும்பை, தில்லி.

"கொல்கத்தா எங்கே?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த ஊர் நினைவில் இல்லை, அக்கா. நினைவில்லாத ஊருக்கு எப்படி எண் போடுவது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பெங்களூருக்கு இட்ட ஐந்தைப் பார்த்தேன்.

"சரி, பெங்களூரு ஏன் முதலாவது?" என்று அம்மா கேட்டார்.

"மாமா கப்பன் பூங்காவுக்கு அழைத்துப் போனாரே! அங்கே ஓடினேன். நிற்காமல் ஓடினேன்."

"தில்லி ஏன் கடைசி?"

தம்பி சற்றுத் தயங்கினான். "அக்காவுக்குத் தில்லி பிடிக்கும். அதனால் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். இங்கே குளிர்காலத்தில் ஓட முடியவில்லை" என்றான்.

தம்பிக்கு மூச்சிரைப்பு உண்டு. நவம்பர் மாதத்தில் தில்லியின் காற்று அசைவதில்லை. குளிர்ந்த காற்று தரையை ஒட்டிப் படிந்துவிட, வாகனப் புகையும் தூசியும், வயல்களில் வைக்கோல்தாள் எரிக்கும் புகையும் மேலே செல்ல வழியின்றித் தங்கிவிடுகின்றன. காற்றுத் தரக் குறியீடு 50க்குள் இருந்தால் நன்று என்பர். இங்கே அது 400ஐக் கடக்கும் நாள்கள் உண்டு. அந்நாள்களில் பள்ளியில் விளையாட்டு வகுப்பு இராது. இரவில் அம்மா தம்பியை நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார். அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்கு அந்த இருமல் கேட்கும். போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன்.

தில்லியின் காற்றுக்கு மூன்று என்று எழுதியபோது, அதைப் புகைமூட்டத்துக்குரிய மதிப்பெண் என்றுதான் எண்ணினேன். என் தம்பியின் இரவுகளுக்குரிய மதிப்பெண் என்று எண்ணவில்லை.

5. எடை

"நண்பர்களுக்காக ஓர் ஊரை விரும்புவது தவறா, அம்மா?" என்று கேட்டேன்.

"தவறே அன்று" என்றார் அம்மா. "பட்டினப்பாலை என்னும் சங்க நூலைக் கேள்விப்பட்டிருப்பாய். முந்நூற்றொரு அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைத்தான் கூறுகிறது. துறைமுகம், கடைவீதி, குவிந்து கிடக்கும் பொருள்கள். ஆனால் பாட்டின் தலைவன் என்ன முடிவு செய்கிறான் தெரியுமா? இத்தகைய நகரமே கிடைப்பதாயினும் தன் தலைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சிடம் கூறிவிடுகிறான். அவனுக்கு நகரத்தைக் காட்டிலும் எடை மிகுந்தவள் அவள். உன் வரிசையிலும் மனிதர் இருக்க வேண்டும். எந்த மனிதருக்கு எவ்வளவு எடை என்பதை நீதான் சொல்ல வேண்டும்."

நான் மீண்டும் அட்டவணையை எடுத்தேன். ஐந்து அளவுகோல்களுக்கும் ஒரே எடை கொடுத்திருந்தேன். நூலகம் தொலைவில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மூச்சு தொலைவில் இருந்தால் பொறுக்க முடியுமா? காற்றுக்குரிய மதிப்பெண்ணை மட்டும் மூன்று மடங்காக்கிக் கூட்டினேன். பெங்களூரு 49, மும்பை 46, தில்லி 43, கொல்கத்தா 42 என்று வந்தது.

அம்மா உடனே மாமாவிடம் தொலைபேசியில் பேசினார். மாமா தம் ஊரைப் புகழ்ந்து தள்ளவில்லை. "ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் குறைவு என்பது உண்மை. ஆனால் நீங்கள் விடுமுறையில் வந்தீர்கள். வேலை நாளின் போக்குவரத்து நெரிசலைப் பார்க்கவில்லை. 2024 கோடையில் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றித் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. இங்கேயும் பூக்களின் மகரந்தத் தூளால் மூச்சிரைப்பு வருவோர் உண்டு. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

மருத்துவரும் உறுதிமொழி எதுவும் தரவில்லை. எந்த ஊரிலும் மருந்து தொடர வேண்டும் என்றார். தில்லியின் குளிர்காலம் தம்பிக்கு ஆகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

அப்பா பேனாவைத் திறந்தார். முதற்கட்டத்தில் பெங்களூரு என்றும், இரண்டாவதில் மும்பை என்றும் எழுதினார். மூன்றாவது கட்டத்தின்மேல் பேனா நின்றது.

"கொல்கத்தாவை எழுதுங்கள், அப்பா. தில்லி நான்காவதாக இருக்கட்டும்" என்றேன்.

"உன் கணக்கில் தில்லி மூன்றாவது அல்லவா?"

"ஒரே ஒரு மதிப்பெண்தான் வேறுபாடு. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நட்புக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேனே, காரணம்கூட எழுதாமல்! அங்கிருந்து வந்தது."

அப்பா எழுதி முடித்து, படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

அன்றிரவு என் குறிப்பேட்டில் இரண்டு தலைப்புகள் இட்டேன். 'எனக்குப் பிடித்த ஊர்' என்பதன்கீழ் தில்லியை முதலாவதாக எழுதினேன். அதை இன்றும் அடிக்கவில்லை, அது பொய்யில்லையே! 'எங்களுக்கு ஏற்ற ஊர்' என்பதன்கீழ்ப் பெங்களூரை எழுதினேன். ஒரே கேள்விபோலத் தோன்றிய இவை இரண்டு வேறு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு எழுதிவிட்டு, கணக்குச் சரி என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

மாற்றல் ஆணை இன்னும் வரவில்லை. எந்த ஊர் என்று நண்பர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். தம்பி ஓட்டக் காலணியைத் துடைத்து அடுக்கில் வைத்திருக்கிறான்.

அறிந்துகொள்வோம்

பட்டினப்பாலை பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. இதனைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் சோழன் கரிகாற்பெருவளத்தான். மதுரை நகரைச் சிறப்பித்துக் கூறும் மதுரைக்காஞ்சியும் பத்துப்பாட்டுள் அடங்கும். அதனைப் பாடியவர் மாங்குடி மருதனார்.

சொற்பொருள்

அளவுகோல் – அளந்து மதிப்பிடப் பயன்படுவது
இசைவு – உடன்பாடு
ஊகம் – உறுதியாகத் தெரியாமல் கருதிக்கொள்வது
மகரந்தம் – பூவில் உள்ள நுண்தூள்
விடையிறுத்தல் – பதில் கூறுதல்
தட்பவெப்பம் – குளிர்ச்சியும் வெம்மையும்
மூச்சிரைப்பு – மூச்சுவிடுவதில் ஏற்படும் இடர்

மொழியை அறிவோம்: ஒப்பிடுதல்

இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது 'விட', 'காட்டிலும்', 'இனும்' ஆகியவற்றைப் பயன்படுத்துகிறோம்.

மும்பையை விடத் தில்லியில் குளிர் மிகுதி.
மும்பையைக் காட்டிலும் தில்லியில் குளிர் மிகுதி.
மும்பையினும் தில்லியில் குளிர் மிகுதி.

'விட', 'காட்டிலும்' ஆகியவற்றின் முன் 'ஐ' உருபு வருவதைக் காண்க. பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் கூறும்போது 'உள்' என்பதைப் பயன்படுத்துகிறோம். (எ.கா.) நான்கு நகரங்களுள் உயரமான இடத்தில் இருப்பது பெங்களூரு.

பயிற்சிகள்

அ. சுருக்கமாக விடை எழுதுக.

1. அம்மா மும்பையை முதலாவதாக எழுதியதற்குக் காரணம் யாது?
2. தம்பி ஏன் கொல்கத்தாவைத் தன் வரிசையில் சேர்க்கவில்லை?
3. 2018, 2020 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்களில் பெங்களூரின் இடம் மாறியது எவ்வாறு?
4. பட்டினப்பாலைத் தலைவனின் முடிவு இப்பாடத்தோடு எவ்வாறு பொருந்துகிறது?

ஆ. கணக்கிட்டுப் பார்த்து எழுதுக.

1. காற்றுக்குரிய மதிப்பெண்ணை இரண்டு மடங்காக்கினால் நான்கு நகரங்களின் மொத்தம் என்ன? எது முதலிடம் பெறும்?
2. பெங்களூருக்குப் பள்ளியில் இட்ட ஊகமான ஐந்தை மூன்றாக்கினால் அந்த முதலிடம் நிலைக்குமா?

இ. 'விட', 'காட்டிலும்', 'இனும்', 'உள்' ஆகியவற்றைப் பயன்படுத்தி, நீங்கள் அறிந்த ஊர்களைப் பற்றி நான்கு தொடர்கள் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.

நீங்கள் வாழ்ந்த அல்லது சென்றுவந்த மூன்று ஊர்களை வரிசைப்படுத்துக. எவற்றை அளந்தீர்கள், எதற்கு எடை மிகுதியாகக் கொடுத்தீர்கள், ஏன் என்பவற்றைக் குறிப்பிடுக. வாழ்ந்த ஊர், பார்த்த ஊர் என்பதையும் குறிக்க. பின்னர் உங்கள் வீட்டில் ஒருவரை அதே ஊர்களை வரிசைப்படுத்தச் செய்து, இரண்டும் வேறுபடும் இடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.